சுருளியில் கரையாத துண்டு

மதினி,

இன்று காலை நசீமா டீ டம்ளரை வைக்க இடம் தேடி என் பேனா டப்பாவை நகர்த்தப் போய், அது கவிழ்ந்துவிட்டது. பேனாக்களோடு சேர்ந்து அந்தச் சின்ன உருளையும் மேசையில் உருண்டு வந்து என் கையில் இடித்து நின்றது. சுண்டுவிரலின் மேல்கணு அளவுதான் இருக்கும். சாம்பல் நிறம், உள்ளே முழுக்கக் கண் கண்ணாக வலை. நசீமா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேனாக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். உருளையை மட்டும் தொடவில்லை.

நசீமாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும். உத்தமபாளையத்துக்காரி, கோயம்புத்தூரில் இந்தச் சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை பார்ப்பவள், உங்கள் திராட்சைப் பந்தலில் புகுந்து பழுக்காத குலையைப் பறித்துத் தின்று உங்களிடம் ஏச்சு வாங்கியவள். உருளையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் இடுப்பெலும்பில் வைத்த டைட்டானியத் துண்டை மெஷினில் அச்சடித்தபோது, அதே தட்டில், அதே உலோகப் பொடியை உருக்கி, அதன் பக்கத்திலேயே இந்த மாதிரி உருளைகள் சிலவற்றையும் அச்சடித்தார்கள். பெரியது உடம்புக்குள் போகும். சின்னவை எங்களிடம் வந்து நசுங்கும். சின்னது எவ்வளவு தாங்குகிறதோ அதை வைத்துப் பெரியதை நம்புவது எங்கள் தொழில் வழக்கம். நசுக்கியது போக மிஞ்சியது இது ஒன்று. இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்கு முதலில் வலி வந்தபோது யாரும் அதை வலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, நீங்கள் உட்பட. கவாத்து நேரம் அது. நாளெல்லாம் அண்ணாந்து நின்று கொடியை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் டாக்டரைப் பாருங்கள் என்று போனில் சொன்னதற்கு, "பந்தலுக்கடியில நிக்கிறவளுக்கு இடுப்பு வலிக்காம பல்லா வலிக்கும்? நீ உன் மெஷினப் பாருத்தா" என்றீர்கள். பிறகு ஒரு நாள் வாய்க்கால் வரப்பில் கால் மடங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான். இடுப்பெலும்பில் புற்று என்றார்கள். எலும்பின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, உங்கள் அளவுக்கே அச்சடித்த துண்டை வைத்தால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். அச்சடித்த துண்டு என்றதும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நம் குடும்பத்தில் ஒருத்தி இத்தனை வருஷம் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மறுவாரம் மாதிரித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். படுத்தபடியே வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். முகம் சுருங்கிவிட்டது.

"என்னத்தா இது, கெட்டி இரும்பா வைப்பாகன்னு பாத்தா சல்லடையக் கொண்டாந்திருக்க? இதுல என்னத்தச் சலிக்கப் போறாக?"

நானும் சளைக்காமல் விளக்கம் சொன்னேன். கெட்டி டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. அதை வைத்தால் உடம்பின் பாரம் முழுவதும் உலோகத்தின் வழியாகவே இறங்கிவிடும். பக்கத்து எலும்புக்கு வேலை இருக்காது. வேலையில்லாத எலும்பு மெலிந்துகொண்டே போகும், கடைசியில் துண்டு பிடிமானம் இல்லாமல் ஆடும். அதனால்தான் துளை துளையாக விட்டு, விறைப்பைக் குறைத்து, எலும்பின் அளவுக்கு இறக்குவது. பாரத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போகப் போக உங்கள் எலும்பே அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து புகுந்து பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, கட்டிலோரம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த அண்ணனைக் காட்டி, "அப்ப நம்ம வீட்டுக் கதைதான்னு சொல்லு. எல்லாத்தையும் நான் ஒருத்தியே இழுத்துப் போட்டுச் செய்யப் போயித்தான உங்கண்ணன் ஒரு காப்பி போடத் தெரியாம உக்காந்திருக்காக" என்றீர்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே கொட்டையோடு ஒரு சுளையை உங்கள் வாயில் வைத்தான். நான் கல்லூரியில் இத்தனை பாடம் படித்தும் அதை யாரும் எனக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்லித் தந்ததில்லை என்றேன். "பீஸ அனுப்பி வை" என்றீர்கள்.

அப்புறம் அந்தத் துண்டைக் கட்டைவிரலில் வைத்து நன்றாக அழுத்தினீர்கள். தோலில் வலை பதிந்தது. "இந்தா பாரு, தேன்கூடு" என்று விரலை நீட்டினீர்கள். "துருப்பிடிக்காதுல்ல?" என்று கேட்டீர்கள். நூறு வருஷம் ஆனாலும் பிடிக்காது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "ம்க்கும், நான் எத்தன நாளைக்கோ, அதுக்கு நூறு வருசமாம்." அப்போது எல்லோரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரம்மாகூடச் சிரித்தாள்.

உங்கள் உருளைகளை நசுக்கியது நசீமா. சொந்தக்காரர் வேலையைச் சொந்தக்காரர் செய்யக்கூடாது என்று நான் தள்ளி நின்றுகொண்டேன். தள்ளி என்றால் அவள் தோளுக்குப் பின்னால். மெஷின் மேலிருந்து இறங்கி அழுத்த, திரையில் கோடு ஏறியது. ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் படுத்துக்கொண்டு போனது. துளையுள்ள உலோகம் கண்ணாடி மாதிரி பட்டென்று உடையாது மதினி. அடுக்கு அடுக்காகத்தான் படுக்கும், ஒரு அடுக்கு படுத்ததும் அடுத்தது கொஞ்ச நேரம் தாங்கிப் பார்க்கும். "உங்க மதினியாட்டமே அழுத்தமான ஆளுதான்" என்றாள் நசீமா.

அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. நடக்கும்போது பாரம் ஏறி ஏறி இறங்கும் அல்லவா, அப்படி ஏற்றி இறக்கி விடாமல் சோதிக்கிற மெஷின் வேறு. ஒரு மனுஷி வருஷக்கணக்கில் நடக்கிற நடையை அது உட்காராமல் சில நாட்களில் நடந்து முடித்துவிடும். அச்சடித்த வலையின் கம்பிகள் மேல் சரியாக உருகாத பொடிமணிகள் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். எனக்கு அந்தப் பயம் ஓயவே இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் முடிந்து துண்டு இடுப்புக்குள் போன பிறகும், என் நிம்மதிக்காக மிச்சமிருந்ததில் ஒரு உருளையை அந்த மெஷினில் ஏற்றி நடக்கவிட்டேன். நீங்கள் மதுரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போய் வந்த நாட்களில், இங்கே அது உங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. விரிசல் விடவில்லை. அன்றைக்கு நசீமாவுக்கும் எனக்கும் கேன்டீனில் கேசரி.

நீங்கள் ஊருக்குத் திரும்பியபோது கோம்பை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடுவரை நடந்தே வந்தீர்கள். லேசாக ஒரு சாய்வு இருந்தது, அவ்வளவுதான். அண்ணன் ஆட்டோ பேசி வைத்திருந்தான். அதில் பைகளை மட்டும் ஏற்றி அனுப்பினீர்கள். அடுத்த கவாத்துக்குக் கத்தரியோடு பந்தலுக்குள் நின்றீர்கள். ஊரே உங்கள் காலைப் பார்த்தது. வந்தவர்கள் எல்லாம் "எங்க, கொஞ்சம் நடந்து காட்டு" என்று கேட்டதும், நீங்கள் சலிக்காமல் நடந்து காட்டியதும், "என் நாத்தனா ஆபீஸ்ல தயாரிச்சது" என்று பொய் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நான் தயாரிக்கவில்லை மதினி, சோதித்ததுகூட நசீமாதான். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

டாக்டர் சொன்ன நாளில் சொன்னபடி போய் ஸ்கேன் எடுத்தீர்கள். ஒன்றையும் தவறவிடவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். யாராவது எதையாவது தவறவிட்டிருந்தால் அவர்கள்மேல் கோபப்பட்டாவது தீர்த்திருப்பேன். கடைசியாகப் போன தடவை நானும் கூட வந்திருந்தேன். தொழில் தெரிந்தவள் என்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு முதலில் இடுப்புப் படத்தைக் காட்டினார். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. எலும்பு துளைகளுக்குள் ஏறியிருந்தது. "ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். எனக்கு மார்பு விம்மியது. அவர் அடுத்த படத்தை எடுத்து விளக்கில் மாட்டினார். அது நுரையீரல். அதில் அவர் விரல் வைத்துக் காட்டிய இடங்களுக்கு என் தொழிலில் ஒரு சொல்கூட இல்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டீர்கள்.

"காலு என்ன சொல்லுது?"

"காலு ரொம்ப நல்லாருக்கு மதினி."

"அப்பச் சரி. நடந்தே போயிருவேன்."

அண்ணன் வேறு ஆஸ்பத்திரி, வேறு ஊர் என்று பேயாக அலைந்தான். யார் எதைச் சொன்னாலும் அங்கே போனான். கடைசியில் நீங்கள்தான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். "தலைக்கு மேல வெள்ளம் போன பெறகு சாண் என்ன, முழம் என்ன? இங்கன உக்காருங்க, பேசிக்கிட்டிருப்பம்" என்றீர்கள். நான் லீவு போட்டு வந்து உங்கள் பக்கத்தில் இருந்தேன். நான் செய்ய முடிந்தது அதுதான், இருப்பது. மூச்சுக்கு நீங்கள் திணறும்போதெல்லாம் என் கை தானாகப் போய் உங்கள் இடுப்பைத்தான் பிடித்துவிட்டது. அங்கே வலியே இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை, பிடிக்க விட்டுவிட்டீர்கள். ஒரு மத்தியானம், பந்தலில் மருந்து அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, போய்விட்டீர்கள்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காடாத்துக்கு அண்ணனும் பங்காளிகளும் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் போவதில்லை, நான் வீட்டில் இருந்தேன். சாம்பலில் பால் தெளித்து, எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டிருக்கிறார்கள். இடுப்புப் பக்கம் வந்தபோது அது கிடந்திருக்கிறது. எரித்தவர் குச்சியால் தட்டிப் பார்த்து, "இது இரும்பு" என்று ஒதுக்கி வைத்தார். அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்க மாட்டேன் என்றான். வீட்டுக்கு வரும்போது கலயத்தைத் தோட்டத்து வேம்பில் கட்டிவிட்டு, இதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து என்முன் பிரித்தான்.

உடைந்த சிரட்டை மாதிரி வளைந்து இருந்தது. நெருப்பில் ஒரு ஓரம் நீலம் பாரித்திருந்தது. நான் முதலில் பார்த்தபோது வெறும் வலையாக இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைத்திருந்தது.

"இது என்னத்தா? அவ எலும்பு தான?"

"ஆமாண்ணே."

அதையும் கலயத்தோடு சேர்த்துக் கரைக்கப் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவரில்லை, உங்களுக்காக அழுத அழுகையில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் முறை என்று வந்துவிட்டால் அவர் அசைய மாட்டார். "ஏலே, சுருளி ஆத்துல இரும்பப் போட்டுக் கரைக்க முடியுமாடா? கரையுறதத்தான் கரைக்கணும். கரையாதது கெடந்தா அந்த ஆத்மா அங்கனயே சுத்திக்கிட்டு நிக்கும்பாக" என்றார். அண்ணன், "அதுக்காக அவள்ல பாதியக் கரைச்சுட்டு மிச்சத்தக் குப்பையில போடச் சொல்றீகளா?" என்று கத்தினான். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆத்தா, நீ இதே வேலையாத்தான இருக்க," என்றார் பெரியப்பா, குரலை இறக்கி. "கருமாதிக்கு இன்னும் நாளு கெடக்கு. இரும்பத் தனியா, எலும்பத் தனியாப் பிரிச்சுக் குடுத்துரு. எலும்பக் கரைச்சுப்புடுவம்."

அண்ணன் மறுக்கவில்லை. அவன் கண்ணில் ஒரு நம்பிக்கை வந்தது. உங்களுக்காக ஏதாவது செய்ய முடிகிற ஒரு ஆள் கிடைத்துவிட்ட மாதிரி பார்த்தான். எனக்கும் அந்த ஆசை இருந்தது. எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்து உங்களை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். யாரும் டப்பாவைத் தட்டிவிடாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

அச்சடித்த துண்டுகள் எங்களிடம் வரும்போது துளைகளுக்குள் உருகாத பொடி கொஞ்சம் தங்கியிருக்கும். காற்றுக் குழாயை வைத்து ஒரு ஊது ஊதினால் வந்துவிடும். தினசரி செய்கிற வேலை. துண்டை மேசையில் வைத்ததும் என் கை பழக்கத்தில் அந்தக் குழாயை எடுத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டது.

வெள்ளையாகக் கொஞ்சம் பறந்தது மதினி.

நான் குழாயைப் போட்டுவிட்டு அலறிவிட்டேன். நசீமா ஓடி வந்து முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். வெள்ளைக் காகிதம் ஒன்றை மடித்து, மேசைமேல் படிந்திருந்ததையெல்லாம் ஓரம் ஓரமாகக் கூட்டி எடுத்தாள். என் சட்டைக்கையில் படிந்திருந்ததையும் தட்டிச் சேர்த்தாள். காகிதத்தைப் பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "எங்கள்ல இந்தக் கேள்வியே வராதுடி. உள்ள என்ன இருந்தாலும் முழுசா மண்ணுக்குக் குடுத்துருவோம்" என்றாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். எலும்பு எங்கே முடிகிறது, உலோகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கோடு தேடினேன். இல்லை. நான் பயந்துகொண்டே இருந்த அந்தச் சொரசொரப்பை, ஒவ்வொரு அறிக்கையிலும் குறை என்று எழுதுகிற அந்தப் பொடிமணிகளை, உங்கள் எலும்பு சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. நெருப்பில் வெந்த பிறகும் பிடி விடவில்லை. அந்தப் பிடிமானத்தை அளக்க எங்களிடம் வழி உண்டு, ஆனால் அதற்கு உடைக்க வேண்டும். எலும்பை மட்டும் கரைக்க அமிலமும் அலமாரியில் இருந்தது. கரைத்தால் உலோகம் பளிச்சென்று தனியாக வரும், எலும்பு பாட்டிலோடு கழிவுக்குப் போகும். பெரியப்பா கேட்டது அதுவல்ல. நசீமா அலமாரியைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சாயங்காலம் டப்பாவை மூடிவிட்டேன்.

ஊரில் இறங்கியதும் அண்ணன் டப்பாவைத்தான் பார்த்தான். "பிரிக்க முடியலண்ணே" என்றேன். அவன் "ம்" என்றான். பெரியப்பா டப்பாவைத் திறந்து துண்டைப் புரட்டிப் பார்த்தார். "அந்த அளவுக்கா புடிச்சிருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பச் சேந்தே போகட்டும்டா" என்றார்.

சுருளியில் அன்றைக்குத் தண்ணீர் தெளிவு. அண்ணன் இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்தான். பொட்டலத்தையும் பிரித்துவிட்டான். சாம்பல் பால் மாதிரி விரிந்து போனது, எலும்புகளும் உருண்டு உருண்டு போயின. கடைசியில் துண்டை விட்டான். அது நேராக இறங்கி இரண்டு கல்லுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. கரைத்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறி வந்துவிட வேண்டும் என்பது முறை. அண்ணன் நகரவில்லை.

"ஏலே, ஏறி வாடா. திரும்பிப் பாக்காத" என்று பெரியப்பா கரையிலிருந்து கூப்பிட்டார்.

"திரும்பிப் பாக்கல பெரியப்பா. பாத்துக்கிட்டேதான் நிக்கிறேன்."

நான் இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்தேன். "தெரியுதுத்தா," என்றான். "மத்ததெல்லாம் போயிருச்சு, இது மட்டும் தெரியுது." எனக்கும் தெரிந்தது, அந்த நீல ஓரம். "உள்ள இருக்கிறதும் போயிருமா?" என்று கேட்டான். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு போய்விடும், உலோகம் கிடக்கும் என்றேன். "எம்புட்டு நாளைக்கி?" உங்களிடம் அத்தனை பெருமையாகச் சொன்ன நூறு வருஷம் வாய்வரை வந்தது. அவனைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அண்ணன் இப்போது காப்பியை டீக்கடையில் குடிக்கிறான். இந்தக் கவாத்துக்கு ஆள் விட்டான். அவர்கள் வெட்டுவது சரியா தப்பா என்று சொல்லத் தெரியாமல் பந்தலுக்கடியில் நின்றுகொண்டிருக்கிறான். போன் செய்தால் "நல்லாருக்கேன்" என்கிறான், அதற்குமேல் நாங்கள் பேசுவதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இன்று வேறு யாருடைய உருளைகளோ வந்திருக்கின்றன. எங்களுக்கு எண் மட்டும்தான் தருவார்கள், ஆளைச் சொல்ல மாட்டார்கள். நசீமா முதல் உருளையை ஏற்றிவிட்டு என்னைப் பார்க்கிறாள். நன்றாகத்தான் தாங்கும். கையெழுத்துப் போடுவேன்.

அதற்கு முன்னால் உங்கள் உருளையை எடுத்துக் கட்டைவிரலில் வைத்து அழுத்திப் பார்க்கிறேன். உங்கள் துண்டோடு ஒன்றாகப் பிறந்தது, உள்ளே இன்னும் வெறும் கண்களாகவே இருக்கிறது. தோலில் தேன்கூடு பதிகிறது. கொஞ்ச நேரம் இருக்கிறது, பிறகு மறைந்துவிடுகிறது. மறைந்ததும் மறுபடி அழுத்துகிறேன்.